ஒரு கோளாறும் இல்லாத கார்

எங்கள் ஊர் ஊசிக்குளம். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எங்களை முட்டாள்கள் என்று சொல்வதாகக் காதில் விழுந்ததும், இதற்கு ஒரு முடிவு கட்ட ஊர்க்கூட்டம் போட்டோம். கூட்டம் எந்த இடத்தில் என்று யாருக்கும் சொல்ல மறந்துவிட்டதால், ஆளுக்கொரு இடத்தில் போய் உட்கார்ந்து தனித்தனியாகப் பேசி, அது பொய் என்று ஒருமனதாக முடிவு செய்துவிட்டுக் கலைந்தோம். அப்பேர்ப்பட்ட ஊரில்தான் வெயிலுமுத்து அண்ணன் தன் காரை விற்கக் கிளம்பினார்.

காருக்கு இருபத்தோரு வயது. இடது பக்கம் திரும்பினால் தானாக ஹாரன் அடிக்கும். வெயில் காலத்தில் மட்டும் வைப்பர் ஓடும். பெட்ரோல் முள் எப்போதும் 'நிறைய இருக்கிறது' என்றே காட்டும். அதை நம்பி அண்ணன் ஏழு மாதம் பெட்ரோலே போடாமல், வண்டி ஏன் கிளம்பவில்லை என்று தினமும் காலையில் யோசித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஓடிய நாளில் அது வீட்டு வாசலுக்குக் குறுக்கே வந்து நின்று, கைபிரேக் இறுகிக்கொண்டது. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் கார். தெருவுக்குப் போக வேண்டுமென்றால் காரின் இந்தக் கதவு வழியாக ஏறி அந்தக் கதவு வழியாக இறங்க வேண்டும். வீட்டில் எல்லாரும் அப்படியே பழகிவிட்டார்கள். ஒருநாள் ஆவுடை மதினி தண்ணீர்க் குடத்தோடு உள்ளே ஏறியபோது இரண்டு பக்கக் கதவும் பூட்டிக்கொண்டன. மூன்று மணி நேரம் இடுப்பில் குடத்தோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வெளியே நின்று கண்ணாடி வழியாக விசிறினார்.

இறங்கியதும் மதினி பெட்டியைக் கட்டினாள்.

"எங்கம்மா வீட்டுக்குப் போறேன். வெள்ளிக்கிழமை ரெண்டு மணி பஸ்ல வருவேன். அப்ப இந்தக் கார் வாசல்ல நிக்கக் கூடாது. யாருக்கும் சும்மாவும் தூக்கிக் கொடுத்துறாதீங்க, நியாயமான விலைக்கு விக்கணும். நின்னுச்சுன்னா அதே பஸ்ல திரும்பிருவேன். பெறகு எப்பவுமே வரமாட்டேன்."

வெயிலுமுத்து அண்ணனுக்கு மதினி மேல் உயிர். அவள் போன அன்றைக்கே அவருக்குச் சோறு இறங்கவில்லை. சோறு பொங்கவும் தெரியவில்லை என்பது வேறு விஷயம். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. தம்பி சொரிமுத்துவையும் மாமன் மகன் கொம்பையாவையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய், மெக்கானிக் லாசரிடம் நியாயமான விலை என்றால் என்ன என்று கேட்டார்.

லாசர் விவரமான ஆள். "இதே வண்டி ஒரு கோளாறும் இல்லாம இருந்தா இன்னைக்கு ஒரு லட்சம் போகும். ஒரு கோளாறுக்கு அஞ்சாயிரம் வீதம் கழிச்சுக்கிடுங்க. மிச்சம் நிக்கிறதுதான் நியாயமான விலை" என்றார்.

மூவரும் திரும்பி வந்து காரைச் சுற்றிச் சுற்றி எண்ணினார்கள். இருபத்து மூன்று கோளாறு வந்தது. சொரிமுத்து மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டு, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு லட்சத்தில் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் கழிந்தது.

"அண்ணே, காரையும் கொடுத்து, வாங்க வாரவருக்கு நாம பதினஞ்சாயிரமும் கொடுக்கணும். அதான் நியாயம்" என்றான்.

நியாயத்துக்கு அண்ணன் எப்போதும் கட்டுப்பட்டவர். ஆனால் கையில் நானூறு ரூபாய்தான் இருந்தது. பெண்டாட்டி இனி இல்லை என்று நினைத்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் கொம்பையா வாயைத் திறந்தான். அவன் எங்கள் ஊரிலேயே கெட்டிக்காரன். இதை எங்கள் நிலைமையை விளக்குவதற்காகச் சொல்கிறேன்.

"அத்தான், பின்கதவு தானாப் பூட்டிக்கிடுது. அது ஒரு கோளாறு, சரியா?"

"சரி."

"கதவே இல்லன்னா?"

அண்ணன் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லாத கதவுல கோளாறு எப்படி இருக்கும்?"

சொரிமுத்து எழுந்து போய்க் கொம்பையாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் ஸ்பானர் எடுத்து வந்தார். சாயங்காலத்துக்குள் நாலு கதவும் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடிக்குப் போயின. ஒரே மாலையில் விலை இருபதாயிரம் ஏறியது. வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக அவர்கள் சம்பாதித்ததே இல்லை.

மறுநாள் ஹாரன், வைப்பர், ஒழுகும் டேங்க், வேப்பமரத்து உச்சியையே பார்க்கும் ஹெட்லைட் எல்லாம் கழன்றன. பெட்ரோல் முள்ளைப் பிடுங்கும்போது அண்ணன் அதைக் கொஞ்சம் திட்டினார். எஞ்சினில் மட்டும் ஏழு கோளாறு இருந்தது. அதை மூங்கில் கட்டி இறக்கியபோது விலை ஒரே மூச்சில் முப்பத்தையாயிரம் கூடிவிட்டது. மூவரும் நின்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

சக்கரத்தில்தான் சிக்கல் வந்தது. மூன்று டயர் மொட்டை, ஒன்று புத்தம் புதுசு. மொட்டை மூன்றையும் கழற்றினால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்வும் ஒரு கோளாறுதானே என்று சொரிமுத்து கேட்டான். பாதி ராத்திரிவரை வாதம் நடந்தது. சாய்வுக்குக் காரணம் அந்த நல்ல சக்கரம் என்று தீர்ப்பாகி, அதையும் கழற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் எண்ணிப் பார்த்தபோது, லாசர் எண்ணியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார், ஒரு கோளாறுகூட மிச்சமில்லை. கூடும் கூரையும் பின்சீட்டும் இருந்தன. 'ஒரு கோளாறும் இல்லாத கார். விலை ஒரு லட்சம். குறைத்துக் கேட்க வேண்டாம்' என்று அட்டையில் எழுதி மாட்டிவிட்டு அண்ணன் குளித்து, திருநீறு பூசி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

பதினோரு மணிக்குப் பழைய இரும்புக்கடை கடற்கரை அண்ணாச்சி மினி லாரியில் வந்தார். அட்டையைப் படித்தார். காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

"எஞ்சின் எங்கய்யா?"

"அதுல ஏழு கோளாறு இருந்துச்சு அண்ணாச்சி. எடுத்துட்டோம்."

"சக்கரம்?"

"அதுவும் கோளாறு."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. நல்ல மனிதர். எடுத்ததையெல்லாம் எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். கிணற்றடிக் குவியலைப் பார்த்து, எடை போட்டு, இருபத்தேழாயிரம் ரூபாய் எண்ணிக் கொடுத்தார். கோளாறுக்குக் காசு கொடுக்கிற ஆள் ஒருவர் உலகத்தில் இருக்கிறாரே என்று மூவருக்கும் அவர்மேல் பரிதாபம் வந்தது. கூட்டையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் ஆறாயிரம் தருவதாக அண்ணாச்சி சொன்னபோது அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். லட்சத்துக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் அது நியாயமான விலை ஆகாது. மதினியிடம் பொய் சொல்ல அவரால் முடியாது.

மணி பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. லட்ச ரூபாயோடு யாரும் வரவில்லை. அண்ணன் எழுந்து எழுந்து தெருவை எட்டிப் பார்த்தார். கொஞ்சம் தள்ளித் தெரு ஓரமாக வைத்துவிடுங்களேன் என்று அண்ணாச்சி லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டே யோசனை சொன்னார்.

கூடாது என்று கொம்பையா தலையாட்டினான். "தெருவுல எங்க வச்சாலும் அது யாரோ ஒருத்தர் வீட்டு வாசல். வாசல்ல நிக்கக் கூடாதுன்னுதான் ஆவுடை அக்கா சொல்லியிருக்கு."

"அப்ப வாசல் இல்லாத இடம் எது?" என்று கேட்டார் அண்ணன்.

"வீட்டுக்குள்ள."

அக்கம்பக்கத்தாரோடு எட்டுப் பேர் சேர்ந்து காரைத் தூக்கினார்கள். எஞ்சின் இல்லாததால் சுளுவாக வந்தது. நிலைக்கதவுவரை போய் நின்றுவிட்டது. கார் அகலம், நிலை ஒடுக்கம். சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள். மணி ஒன்றே கால்.

"காரில ஒரு கோளாறும் இல்ல, எண்ணிப் பாத்தாச்சு. அப்ப கோளாறு எதுலன்னு பாருங்க" என்றான் சொரிமுத்து.

எல்லாரும் நிலைக்கதவைப் பார்த்தார்கள். இருபது நிமிடத்தில் அது நிலையோடும் இரண்டு வரிசைச் செங்கல்லோடும் கீழே கிடந்தது. நல்ல தேக்கு. கடற்கரை அண்ணாச்சி அதற்கு எட்டாயிரம் கொடுத்து, கதவையும் நிலையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

இரண்டு மணி பஸ் வந்தது. மதினி பெட்டியோடு இறங்கினாள். டிரைவரிடம் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு எட்டிப் பார்த்தாள். வாசல் காலியாக இருந்தது. இந்த மனுஷன் தனக்காக ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்துவிட்டாரே என்று நினைத்தாள். பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டாள்.

உள்ளே நடுக்கூடத்தில் கார் இருந்தது. பக்கத்தில் அண்ணன் முப்பத்தையாயிரம் ரூபாயைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

மதினி காரைப் பார்த்தாள். திரும்பி, தான் உள்ளே வந்த ஓட்டையைப் பார்த்தாள்.

"நிலைக்கதவு எங்க?"

"அதுல கோளாறு இருந்துச்சு ஆவுடை. நியாயமான விலைக்குக் கொடுத்தாச்சு."

மதினிக்கு உச்சந்தலையில் ஏறியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனாள். எங்கள் ஊரில் பெண்கள் கோபித்துக்கொண்டு போனால் கதவை அறைந்து சாத்திவிட்டுத்தான் போவார்கள். அறையாமல் போனால் கடைக்குப் போகிறாளென்று நினைத்து உப்பு வாங்கி வரச் சொல்வார்கள். மதினி கையை ஓங்கித் திரும்பினாள். அறைவதற்குக் கதவு இல்லை. காரின் கதவையாவது அறையலாமென்று உள்ளே வந்தாள். அதுவும் இல்லை. சற்று நேரம் அங்கேயும் இங்கேயும் பார்த்தாள். பிறகு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, காபி கேட்டாள்.

இப்போது அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். மதினி எப்படித் தங்கினாள் என்ற ரகசியம் ஊருக்குள் பரவியதும், பெண்டாட்டியோடு மனத்தாங்கல் உள்ள வீடுகளில் எல்லாம் ஆண்கள் நிலைக்கதவைக் கழற்ற ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரி போன ஆடியில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனவள். நானும் ரகசியம் தெரிந்த அன்றைக்கே கதவைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். அவள் இன்னும் வரவில்லை. மேலத்தெரு ஆடுகள் பதினோரு உருப்படி வந்திருக்கின்றன. அதில் ஒன்றுகூடக் கோபித்துக்கொண்டு போகவில்லை.