உச்சிப்பரம்புக் கமிட்டியும் புல்லு வெட்டுகிற வண்டியும்

உச்சிப்பரம்பு ஊர்க்காரர்கள் யாருடைய பேச்சையும் தட்டாதவர்கள். என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அந்த ஊருக்கு வந்த தொல்லை அத்தனைக்கும் இந்த ஒரு நல்ல குணம்தான் காரணம்.

ஊருக்கு மேற்கே ஒரு கால்பந்து மைதானம். அதில் புல் வெட்ட ஒரு குட்டி டிராக்டர். கப்பலில் வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவர் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கி அனுப்பியது. மேலே உட்கார்ந்து ஓட்டினால் அடியில் பிளேடு சுற்றிப் புல்லை வெட்டிக்கொண்டே போகும். வந்த நாளிலிருந்து அதை ஓட்டியது தங்கப்பழம் ஒருவன்தான். அவனுடைய மாப்பிள்ளை ஊர்வலமே அதில்தான் போனது. நாலு தெரு சுற்றி வருவதற்குள் முகூர்த்தம் தாண்டிவிட்டது. ஆனாலும் அவனுக்கு அதில் வருத்தமில்லை.

அந்த வருஷம் மாவட்டக் கால்பந்து இறுதிப் போட்டியை உச்சிப்பரம்பில் நடத்துவதாகக் கடிதம் வந்தது. போட்டிக்கு முன்பு மைதானத்தில் புல் வெட்டப்பட்டிருக்க வேண்டும், முந்தின நாள் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், இல்லாவிட்டால் போட்டி மேலப்பொட்டலுக்குப் போய்விடும் என்று அதில் எழுதியிருந்தது. மேலப்பொட்டல்காரர்கள் அதற்குள் பந்தலுக்கே ஆள் பேசிவிட்டதாகக் கேள்வி.

மழை பெய்து புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. தங்கப்பழம் சாவியைத் திருகினான். வண்டி இருமியது, குலுங்கியது, கறுப்பாக ஒரு புகை விட்டது. அத்தோடு நின்றுவிட்டது.

கோல் கம்பத்துக்குக் கீழே கமிட்டி கூடியது. தலைவர் பூவராகன். செயலாளர் இன்னாசிமுத்து, தமிழ் படித்தவர். உறுப்பினர் பேச்சிக்கனி, இருபது ஆடு வைத்திருப்பவள். தங்கப்பழம் வண்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"ரிப்பேர் பாக்கதா, புதுசு வாங்கதா? அதைச் சொல்லுங்க," என்றார் பூவராகன். "வண்டிக்கு வயசாயிட்டு."

"வயசாயிட்டுன்னா தூக்கிப் போட்டுருவியளோ?" தங்கப்பழத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்குந்தான் அண்ணாச்சி அறுபத்தஞ்சு ஆகுது. உங்களை யாராவது மாத்துனாங்களா?"

"மாத்தணும்னு போன வருஷமே பேசினாங்கடே. வேற ஆள் கிடைக்கல," என்றார் பூவராகன், கொஞ்சமும் கோபப்படாமல்.

டவுனில் ஆசீர் என்று ஒரு மெக்கானிக் இருந்தான். அவனுக்குப் போன் போட்டார்கள்.

"இப்ப வர நேரமில்ல அண்ணாச்சி. முதல்ல வண்டிச் சத்தத்தைக் கேட்டுச் சொல்லுங்க," என்றான் ஆசீர்.

பூவராகன் வண்டியின் முன்னால் போய்க் குனிந்து, "என்னப்பா சத்தம் உனக்கு?" என்று கேட்டார். பதில் இல்லை. பேச்சிக்கனி, "அதட்டாதீங்க, பயந்துக்கிடும்," என்று சொல்லிவிட்டு, தானும் அன்பாக ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். அதற்கும் பதில் இல்லை.

"கேட்டாச்சு தம்பி. ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது," என்று பூவராகன் போனில் சொன்னார்.

"அப்போ பெல்ட் போயிருக்கும்," என்றான் ஆசீர். அத்தோடு போன் துண்டிக்கப்பட்டுவிட்டது.

பெல்ட் எங்கே போயிருக்கும் என்று ஊரே தேடியது. பஸ் ஸ்டாப்பில் விசாரித்தார்கள். குளத்தங்கரையில் பார்த்தார்கள். சாயங்காலம் தங்கப்பழம் வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தால் பெல்ட் அங்கேயே கிடக்கிறது. உடனே மறுபடி போன்.

"தம்பி, பெல்ட் எங்கயும் போகல. இங்கதான் இருக்கு."

"இருந்தாலும் போயிருக்கும் அண்ணாச்சி."

பூவராகன் போனை வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். "போயிட்டு, நாம தேடுதோம்னு தெரிஞ்சு திரும்பி வந்திருக்கும்," என்று முடிவு சொன்னார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. இனிமேல் போகாமல் இருக்க, பெல்ட்டை வண்டியோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள்.

மறுநாள் ஆசீர், "பிளேடு மழுங்கியிருக்கும். நல்லாத் தீட்டிப் பாருங்க," என்றான்.

"தீட்டுதல் என்றால் வண்ணம் தீட்டுதல்," என்று இன்னாசிமுத்து விளக்கினார். பிளேடுக்குப் பச்சை தீட்டலாம், புல்லுக்குப் பொருத்தமாக இருக்கும் என்றாள் பேச்சிக்கனி. அப்படிச் செய்தால் எது புல், எது பிளேடு என்று வண்டிக்கே தெரியாமல் போகும் என்று தங்கப்பழம் மறுத்தான். கடைசியில் நீலம் தீட்டினார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஓடத்தான் இல்லை.

பூவராகனுக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, ஒரே வார்த்தையில சொல்லு. ரிப்பேரா, புதுசா?"

"அதை நான் எப்படி அண்ணாச்சி சொல்ல? ரெண்டையும் எடைபோட்டுப் பாத்து நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க."

இவ்வளவு தெளிவாக அவன் அதுவரை சொன்னதே இல்லை. வண்டியை அரிசி ஆலைக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பெரிய தராசில் ஏற்றினார்கள். தங்கப்பழம் இறங்க மாட்டேன் என்று மேலேயே இருந்துகொண்டான். எடை இருநூற்று எழுபத்தைந்து கிலோ. அடுத்து டவுன் ஷோரூமுக்குப் போய்ப் புது வண்டியின் எடையைக் கேட்டார்கள். இருநூறு கிலோ என்று விற்பனைப் பையன் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னான். இதுவரைக்கும் எந்த வாடிக்கையாளரும் முதலில் இதைக் கேட்டதில்லை என்றும் சொன்னான்.

"எழுபத்தஞ்சு கிலோ குறையுது!" என்று பூவராகன் பதறினார். "இந்தக் காலத்துல எதுலயும் சத்து இல்ல."

"நான் அப்பவே சொன்னேம்லா," என்றான் தங்கப்பழம். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை யாரும் பார்த்ததில்லை. ரிப்பேர்தான் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

"ரிப்பேர்னா எஞ்சினை இறக்கணும்," என்றான் ஆசீர். "நான் நாளைக்குச் சாயங்காலம் வாரேன்."

அவன் வருவதற்குள் வேலையை முடித்து வைத்தால் சந்தோஷப்படுவான் என்று கமிட்டி நினைத்தது. ஆனால் ஒரு சிக்கல்.

"எஞ்சின் ஏற்கெனவே கீழதான இருக்கு. இதுக்கு மேல எங்க இறக்க?" என்றாள் பேச்சிக்கனி.

இன்னாசிமுத்து கண்ணை மூடி யோசித்தார். "ஏற்றினால் ஒழிய இறக்க முடியாது," என்றார்.

மைதானத்தின் ஓரத்தில் ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கப் பதினோரு படி வைத்த ஒரு கேலரி உண்டு. பதினாறு பேர் சேர்ந்து வண்டியை அதன் உச்சிப் படிக்கு ஏற்றினார்கள். ஏற்றியதும் களைத்துப்போய், ஒரு வாய் தண்ணீர் குடிக்க எல்லோரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள். வண்டி தானாகவே இறங்கியது. பதினோரு படியும் ஒன்று விடாமல் இறங்கியது. எஞ்சின் மட்டும் கொஞ்சம் முந்திக்கொண்டு தனியாக இறங்கியது.

"எஞ்சின் இறங்கிட்டு," என்றார் பூவராகன் திருப்தியாக.

சாயங்காலம் ஆசீர் வந்தான். மைதானம் முழுக்கச் சிதறிக் கிடந்ததை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். நீல பிளேடைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தான். பிறகு தங்கப்பழத்தின் தோளில் கையைப் போட்டு, "இந்த வண்டியை மறந்துருங்க அண்ணாச்சி. புதுசு வாங்குங்க," என்றான்.

மறக்கச் சொன்னால் மறக்க வேண்டாமா? மறுநாள் காலையில் கேலரிக்குக் கீழே நின்று தங்கப்பழம், "இங்க என்னமோ கிடக்கே, என்னதுங்க அது?" என்று கேட்டான். பூவராகன் அதைப் பார்த்து, "தெரியலையேடே. யாரோ கொண்டாந்து போட்டிருக்காங்க," என்றார். தங்கப்பழம் தலையாட்டிவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனான். மறப்பதில் அவன்தான் ரொம்பக் கஷ்டப்பட்டான்.

ஊர் கூடிப் புது வண்டிக்கு ஏற்பாடு செய்தது. போட்டிக்கு இரண்டே நாள் இருந்தது. எல்லோரும் டவுனுக்குக் கிளம்பும்போது பூவராகன் பேச்சிக்கனியிடம், "நீ இங்கயே இரு தாயி. ஆடு ஏதாவது மைதானத்துக்குள்ள வந்தா பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஷோரூமில் ஒரு தடங்கல். புது வண்டியில் ஏற மாட்டேன் என்றான் தங்கப்பழம். "இருபத்திரண்டு வருஷம் ஒரே சீட்டுல உக்காந்தவன் அண்ணாச்சி நான். இன்னொண்ணுல போய் உக்காந்தா மனசு கேக்காது."

ஊருக்கு ஆள் அனுப்பி, கேலரிக்குக் கீழே கிடந்த பழைய சீட்டை எடுத்துவரச் செய்து, புது வண்டியில் மாட்டினார்கள். தங்கப்பழம் உட்கார்ந்து பார்த்தான். இரண்டு தடவை குலுக்கிப் பார்த்தான். "யாரோ நல்லா உக்காந்து பழகின சீட்டு," என்று சொல்லி வண்டியை எடுத்தான்.

ஊர்வலமாக ஊருக்கு வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. மைதானத்தில் ஒரு புல் கூட இல்லை. வெறும் செம்மண் பளிச்சென்று இருந்தது. இருபது ஆடும் வயிறு உப்பிப் படுத்திருந்தன. நடுவில் பேச்சிக்கனி.

"ஆடு வந்துதா?" என்றார் பூவராகன்.

"வந்துச்சு அண்ணாச்சி. நேத்துலருந்து கண்ணை எடுக்காமப் பாத்துக்கிட்டே இருக்கேன்."

யாரும் அவளைக் கோபிக்கவில்லை. சொன்னதைத்தானே செய்திருக்கிறாள். கவலை வேறு. அதிகாரி வர மூன்று மணி நேரம்தான் இருந்தது.

"புல்லுதான் இல்லையே, பிறகென்ன?" என்றான் தங்கப்பழம்.

இன்னாசிமுத்து கடிதத்தைப் பிரித்து வாசித்தார். "வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. தின்னப்பட்டிருக்க வேண்டும் என்று எழுதவில்லை."

"வெட்டினோம்னு சொல்லிருவோமா?"

"பொய்யா?" என்றார் பூவராகன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வேறு வழியில்லை. ஊர் முழுக்க அரிவாளை எடுத்துக்கொண்டு குளத்தங்கரைக்கு ஓடியது. அங்கே வளர்ந்து நின்ற புல்லையெல்லாம் வெட்டி, கட்டுக்கட்டாக மைதானத்துக்குச் சுமந்து வந்தார்கள். வண்டி வெட்டுவதற்குப் புல் வேண்டுமே. ஆனால் கொண்டுவந்த புல் நிற்கவில்லை. நிறுத்தி வைத்தால் சாய்ந்தது. அதனால் ஆளுக்கு இரண்டு கத்தை கொடுத்து, மைதானம் முழுக்க வரிசையாகக் குத்தவைத்து உட்காரச் செய்து, தரையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் பூவராகன். வண்டி கிட்டே வந்ததும் கையை எடுத்துவிட்டு ஓடிவிட வேண்டும். கையை எடுத்தால் புல் விழுந்துவிடும், வண்டி விழுந்த புல் மேலே போகும், மறுபடி முதலிலிருந்து.

ஆறாவது தடவை நடந்துகொண்டிருந்தபோது ஜீப் வந்து நின்றது. அதிகாரி ஞானதுரை இறங்கினார். நூற்றைம்பது பேர் குத்தவைத்து உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"புல்லு வெட்டுதோம் சார்," என்றார் பூவராகன்.

"இவ்வளவு பேரும் என்ன செய்றாங்க?"

"புல்லு விழுந்திராமப் பிடிச்சிருக்காங்க சார்."

ஞானதுரை மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். "அந்தக் கார்னர்ல யாருமே இல்லையே. அங்க எப்படி வெட்டுவீங்க?"

"அதுக்குத்தான் சார் ஆள் பத்தாமக் கெடந்து முழிச்சோம்," என்று பூவராகன் மனசார ஒரு கும்பிடு போட்டு, இரண்டு கத்தைப் புல்லை அவர் கையில் கொடுத்தார்.

ஞானதுரை பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு கார்னர் கொடிக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்தார். பிறகு கிட்டத்து வரிசையில் இருந்தவரைப் பார்த்து அதட்டலாகச் சொன்னார்:

"கொஞ்சம் நேராப் பிடிங்கய்யா. நாளைக்கு மேட்ச் நடக்க வேண்டாமா?"