எதிர்வரிசை

“அக்கா, இன்னைக்குச் சங்கீதத்தை மாத்துங்க.”

வேதமாணிக்கம் ஆசிரமத்து ஜெபக்கூட வாசலில் நின்று கேட்டார்.

முந்தின நாள்தான் மகள் செல்வக்கனியை அடக்கம் செய்திருந்தார். மஞ்சள் காமாலை. ஒரே மகள். கால் நகங்களில் கல்லறைத் தோட்டத்துச் செம்மண் இன்னும் போகவில்லை.

எஸ்தரம்மாள் உள்ளே பாய் விரித்துக்கொண்டிருந்தார். ஆசிரமத்தின் தலைவி. வயதில் வேதமாணிக்கத்துக்கு இளையவர்தான். ஆனாலும் அங்கே எல்லோருக்கும் அவர் அக்கா.

“மாத்துறதில்லை அண்ணாச்சி.”

வழக்கம் அப்படி. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, எதிரெதிரே உட்கார்ந்து பைபிளில் உள்ள சங்கீதப் பாடல்களை நாளுக்கு ஒன்றாகப் பாடுவார்கள். ஒரு வசனம் இவர்களுக்கு, அடுத்தது அவர்களுக்கு. கல்யாணம் வந்தாலும் சாவு வந்தாலும் சங்கீதத்தின் முறை மாறாது. முதல் வசனத்தை எடுத்துக் கொடுப்பது வேதமாணிக்கத்தின் வேலை.

அன்றைக்கு முறை வந்திருந்தது, கைகொட்டிப் பாடச் சொல்லும் சங்கீதத்துக்கு.

“இந்தக் கையாலதான் நேத்து அவமேல மண்ணு போட்டேன். இதைக் கொட்டச் சொல்லுதியளா?”

அக்கா பாயின் சுருக்கத்தை நீவினார்.

“பாடுனா பொய்யாத்தான் வரும். ஆண்டவர் முன்னால பொய் சொல்றதுக்கு, நான் ஆசிரமத்தை விட்டே போயிருதேன்.”

துக்கத்தில் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பதிலுக்காகக் கேட்பதில்லை. இவர் பதிலுக்காகத்தான் கேட்டார். மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு வந்திருந்தார்.

“செல்வக்கனி பிறந்தன்னைக்கு என்ன சங்கீதம் பாடுனோம்?” அக்கா கேட்டார்.

மறக்குமா? சட்டைப்பை நிறையக் கல்கண்டோடு அவர் ஓடிவந்த காலை அது. முறை வந்ததோ, முதலிலிருந்து கடைசி வரை ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லாத சங்கீதத்துக்கு. அன்றைக்கும் மாற்றச் சொல்லிக் கேட்டார். அன்றைக்கும் அக்கா மாற்றவில்லை.

“அந்த இருட்டுச் சங்கீதம்.”

“பாடுனியளா?”

“கடனேன்னு பாடுனேன். மனசு பூரா பிள்ளைகிட்ட இருந்துச்சு.”

“எதிர்வரிசையில யாரு இருந்தா?”

யோசித்தார். “மரகதம் இருந்தா. அப்பத்தான் தையல் வேலைக்குச் சேர்ந்திருந்தா. புருஷன் செத்து...”

நிறுத்தினார்.

“அவ பாடுனாளா?”

“வாயே திறக்கலக்கா. தொண்டை கட்டியிருக்கும்னு நெனச்சேன்.”

“தொண்டைக்கு ஒண்ணும் இல்ல.”

மணி அடித்தது. அக்கா அவருடைய பாயை அவர் இடத்தில் விரித்துவிட்டுப் பெண்கள் வரிசைக்குப் போய்விட்டார்.

அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். ஏனோ உள்ளே போய் உட்கார்ந்தார்.

எல்லோரும் வந்து அமர்ந்து அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. பாவமாக இருந்தது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல் முதல் வசனத்தை எடுத்தது.

மரகதம்.

பெண்கள் வரிசை எடுத்துக் கொடுப்பது அங்கே வழக்கமே இல்லை. சுருதியும் சேரவில்லை. யார் சுருதி தப்பினாலும் வேதமாணிக்கம் தொடையில் தட்டித் திருத்திவிடுவார். அன்று அவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதார். மகள் கண்மூடியதிலிருந்து அவர் அழவே இல்லை.

தப்பின சுருதியிலேயே இரண்டு வரிசையும் மாறி மாறிப் பாடின. அவருடைய வசனங்களைப் பக்கத்திலிருந்தவர்கள் பாடினார்கள்.

முடிந்ததும் வாசலில் மரகதத்தை நிறுத்தினார்.

“நீ மறுபடி எப்ப பாட ஆரம்பிச்ச?”

“ஞாபகம் இல்ல அண்ணாச்சி. அதுவரைக்கும் நீங்க பாடுனிய.”