பாதிப் பொட்டு

சர்வீஸ் முடிந்து எடுத்த அன்றே, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பேச்சியம்மாளின் டாக்ஸி குலுங்கி நிற்க ஆரம்பித்தது. பாலத்தின் மேல், பிரசவ வலியில் துடித்த பெண்ணோடு நின்றது. பின்னால் வந்த லாரி இடிக்காமல் நின்றதால் தப்பினார்கள்.

இதற்குச் சிரிப்பு வருமா? சர்வீஸ் செய்த பாளையங்கோட்டை ஒர்க்‌ஷாப் முதலாளி தனராஜுக்கு வந்தது.

"பொம்பளைக்கு ஓட்டத் தெரியலன்னா நான் என்ன செய்ய? ஆயில் மட்டும்தான் மாத்தினோம்."

கடை வாசலில் வண்டியை நிறுத்திய பேச்சியம்மாள் பானெட்டைத் திறந்தாள். "இந்தக் காத்துக்குழாயைக் கழட்டினீங்களா அண்ணாச்சி?"

"ஒருத்தன் தொடல. தொட்டான்னு காட்டு, கடையை மூடுதேன்."

அவள், அங்கே வண்டியை எடுக்கக் காத்திருந்த கார்க்காரர்களைக் கூப்பிட்டாள். "ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு இணைப்பிலயும், ரெண்டு பக்கமும் படுற மாதிரி நான் வச்ச பொட்டு இது. பாதி இந்தக் காத்து வடிகட்டுற பெட்டியில இருக்கு. மீதி எங்க?"

மீதிப் பாதி, திரும்பிப்போன குழாயின் அடிப்பக்கம் இருந்தது.

"அம்மன் வந்து திருகினாளா அண்ணாச்சி?"

இரண்டு பாதியும் சேரும்வரை குழாயைத் திருகி, அழுத்தி, கிளிப்பை மாட்டி, காற்று கசிந்த இடுக்கை அடைத்தாள். இன்ஜின் குலுங்காமல் ஓடியது.

"சின்னத் தப்புதானம்மா," என்றார் தனராஜ்.

"அந்த லாரி நிக்கலன்னா வயித்துப் பிள்ளையோட மூணு உசிரு. சின்னதா?"

காத்திருந்தவர்கள் போய்த் தங்கள் கார் பானெட்டைத் திறந்து, தாங்கள் வைத்த பொட்டும் பாதியாகியிருக்கிறதா என்று தேடினார்கள்.