அப்பாவின் கை நிற்காத சுவர்

"ஐப்பசி பொறந்துட்டா, பூவா, மொத வேலையா..."

அப்பா வருஷா வருஷம் சொன்ன பேச்சு. பின்பாதி பூவராகனுக்கு மறந்துவிட்டது. குரல் இருக்கிறது. மடித்துக் கட்டிய வேட்டி இருக்கிறது. வாக்கியம்தான் பாதியில் நின்றுவிட்டது.

பாதி ஆயுளை டொராண்டோவில் கழித்துவிட்டு, பூட்டிக் கிடந்த வீட்டுக்கே திரும்பி வந்தவன் அவன். வந்தபோது வீட்டுக்குப் பின்னால் ஏரி இல்லை, வறண்ட பள்ளம்தான் இருந்தது. பஸ் மட்டும் இன்னும் "ஏரிக்கரை இறங்கு" என்று சொல்லி ஆட்களை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

நாற்பத்தெட்டு வயதில் ஜெசிந்தாவிடம் சுவரில் வரையக் கற்றுக்கொள்ளப் போனான்.

ஜெசிந்தா அவனைவிட இளையவள். சாக்கடை மூடியைச் சுற்றி ஒரு மீனை வரைந்து, அந்தத் தெருவே அங்கே குப்பை கொட்டுவதை நிறுத்தும்படி செய்தவள். அவன் அவளை "மாஸ்டர்" என்பான். அவள் அவனை "சார்" என்பாள்.

அன்று அவள் மேம்பாலத் தூண் ஒன்றைப் பனைமரமாக்கிக்கொண்டிருந்தாள். அவன் சாரத்தின் கீழே நின்று கூப்பிட்டான்.

"மாஸ்டர், அப்பா கை நிக்க மாட்டேங்குது."

"எங்க போகுது?"

"உரிஞ்சு விழுது. படத்துல மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. கூழைக்கடா இருக்கு, எருமை இருக்கு, கரையில காயுற புடவை இருக்கு. அப்பா முகம்கூட இருக்கு. கை மட்டும் கொப்பளிச்சு உரிஞ்சுடுது."

"என்ன பூசினீங்க?"

"ப்ரைமர் ரெண்டு கோட்டு. அதுக்கு மேல ஓதம் தாங்குற பூச்சு."

"அந்தக் கை என்ன செய்யுது, சார்?"

"எந்தக் கை?"

"உங்க அப்பா கை."

பூவராகன் யோசித்தான். வீட்டு மதிலின் அடியில் அப்பா குனிந்து நிற்பார். கை இரண்டும் தண்ணீருக்குள். நினைவில் இருந்தது அவ்வளவுதான். அந்த மதிலிலேயே அப்படி வரைந்திருந்தான்.

"தெரியல மாஸ்டர்."

"உங்களுக்கே தெரியலன்னா அது எப்படி நிக்கும்?"

அவள் பனைமரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இது படத்தைப் பற்றிய பாடம் என்று எடுத்துக்கொண்டான் பூவராகன். வீட்டுக்குப் போய், கைகளைப் புதிதாக வரைந்து, அவற்றில் ஒரு விரால் மீனையும் கொடுத்தான்.

ஒரு மழைக்கு விரால் போயிற்று. கையும் கூடவே போயிற்று.

"மீன் பிடிப்பாரா உங்க அப்பா?" என்றாள் ஜெசிந்தா.

"மீன் வாசனையே ஆகாது அவருக்கு."

"அப்புறம் ஏன் குடுத்தீங்க?"

"பாக்குறவங்க எல்லாம், 'ஐயா என்ன மீனா பிடிக்கிறார்'னு கேக்குறாங்களே மாஸ்டர்."

அவள் சாரத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"நல்ல மழை பிடிக்கட்டும். நானே வர்றேன்."

"மழையில பெயிண்ட் காயாதே."

"பெயிண்ட் அடிக்க வர்றேன்னு யாரு சொன்னா?"

அவனுக்குப் பொறுமை இல்லை. காரணம் இருந்தது. அந்தப் பள்ளம் இந்த மழையிலும் நிறையாவிட்டால் அது ஏரியே அல்ல, காலி மனை என்று வார்டுக் கூட்டத்தில் பேசியிருந்தார்கள். பஸ் பணிமனை வருகிறதாம். அதைத் தடுக்கத்தான் அவன் தெருவைப் பார்த்த மதிலில் அந்த ஏரியை வரைந்தான். படம் இருந்தால் ஜனங்களுக்கு மறக்காது என்று நம்பினான்.

ஜனங்களும் மறக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். "இங்க ஒரு நாவல் மரம் இருந்துச்சே" என்றார் ஒருவர். வரைந்தான். "லாரி டியூப்ல நீந்துவோமே" என்றார் இன்னொருவர். அதையும் வரைந்தான். எதிர்வீட்டு மரகதம் அக்கா தான் துணி துவைத்த கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சுவரில் ஏரி நிறைந்துகொண்டே வந்தது. வீட்டுக்குப் பின்னால் புழுதி பறந்தது.

ஐப்பசி இரண்டாம் வாரம் மழை பிடித்தது. மேல்தெருவிலிருந்து வழக்கம்போலத் தண்ணீர் இறங்கி வந்து, படத்துக்கு எதிரே முழங்கால் அளவு நின்றது.

மரகதம் அக்கா படியில் நின்று கத்தினாள். "ஏரிய சுவத்துல வரைஞ்சுட்டே தம்பி, அது படத்தவிட்டு இறங்கித் தெருவுல நிக்குது! என் வீட்டுக்குள்ள வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணு!"

அப்போதுதான் ஜெசிந்தா குடையோடு வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். படத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அப்பாவின் முகத்தில் அவள் பார்வை நின்றது.

"முகம் நல்லா வந்திருக்கு, சார்."

"அவர் சிரிச்ச மாதிரி போட்டோ ஒண்ணுகூட இல்ல மாஸ்டர். இது ஒண்ணுதான்."

அவள் பையிலிருந்து ஒரு கொட்டாங்குச்சியை எடுத்தாள். சாயம் குழைக்கிற கொட்டாங்குச்சி, விளிம்பெல்லாம் பழைய நீலம். அதைத் தண்ணீரில் விட்டாள்.

கொட்டாங்குச்சி ஒரு சுற்று சுற்றியது. நாவல் மரத்தைத் தாண்டியது. எருமைகளைத் தாண்டியது. நேராக அப்பாவிடம் போய், உரிந்துபோன கைகளின் இடத்தில் சுவரை மோதி நின்றது.

டொக்.

விலகியது. மறுபடி வந்தது.

டொக். டொக்.

ஜெசிந்தா அதைக் கையில் எடுத்து, தெருவின் மறுகோடிக்குப் போய் மறுபடி தண்ணீரில் விட்டாள். அது மெதுவாகத் திரும்பி அதே இடத்துக்கு வந்தது.

"யாரோ தட்டுறாங்க, சார்" என்றாள்.

பூவராகன் குனிந்தான். அப்பா குனிந்த மாதிரியே. கையைத் தண்ணீருக்குள் விட்டுச் சுவரின் அடியைத் தடவினான். பூச்சு அந்த இடத்தில் மட்டும் ஊறி, மாவாகக் கரைந்தது.

மதிலைச் சமமாகப் பூசச் சொல்லி, ஊருக்குக் கிளம்பும் முன்பே டொராண்டோவிலிருந்து கொத்தனாரோடு பேசியது நினைவுக்கு வந்தது.

"சார், சுவத்துக்கு அடியில ஒரு ஓட்டை இருக்கு. பலகை ஒண்ணு போட்டு வச்சிருக்காங்க. என்ன பண்ண?"

"அடைச்சிடுங்க. பெருச்சாளி வரும். பாக்கவும் அசிங்கமா இருக்கும்."

"பின்பக்கம் வரைக்கும் கால்வா மாதிரி போகுது சார்."

"அதையும் தூர்த்துடுங்க."

வேலை முடிந்து வந்த போட்டோவில் சுவர் வெள்ளைக் காகிதம்போல இருந்தது. 'சூப்பர்' என்று பதில் போட்டிருந்தான்.

மழை வலுத்தது. தண்ணீருக்குள் கையை வைத்தபடியே நின்றவனுக்கு அப்பாவின் குரல் கேட்டது. இந்த முறை பாதியில் நிற்கவில்லை.

"ஐப்பசி பொறந்துட்டா, பூவா, மொத வேலையா பலகையத் தூக்கிடு. ஏரிக்குப் போற தண்ணி நம்ம வாசல்ல வந்து காத்துக்கிடக்கக் கூடாது."

நிமிர்ந்தான். சிரித்த முகம் அவன் முகத்துக்கு நேரே இருந்தது.

"மாஸ்டர், பூச்சு புதுசு. அடியில ஒரு இடத்துல உடைச்சாலும் மேல வரைக்கும் பாளம் பாளமா வந்துடும்."

"வரும்."

"இந்த முகமும் போயிடும்."

கொட்டாங்குச்சி மறுபடி வந்து தட்டியது.

பூவராகன் எதிர்வீட்டுப் படியைப் பார்த்தான்.

"மரகதம் அக்கா, உங்க வீட்டுல கடப்பாரையும் மண்வெட்டியும் இருக்கா?"