கவுதாரி கொடுத்த பெயர்

அந்தக் காலத்தில் விலங்கும் பறவையும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்தன. எபிரேய மேய்ப்பர்களின் கூடாரங்களில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. குழந்தை பிறந்தால் ஏதாவதொரு உயிரிடம் போய் அதன் பெயரைக் கேட்டு வாங்குவார்கள். பெயர் கொடுத்த உயிர் அந்தக் குழந்தைக்குக் காவல் இருக்க வேண்டும்.

ஏலாள் என்ற மேய்ப்பர் வீட்டுப் பெண் நெடுநாள் ஏங்கிப் பெற்ற பெண் குழந்தைக்குச் சிங்கத்தின் பெயர்தான் என்று அவள் கணவன் ஈரா ஒற்றைக்காலில் நின்றான். சிங்கமோ பாறையில் படுத்தபடி, "நாளைக்கு வா, பார்க்கலாம்" என்றே நாளைக் கடத்தியது. பெரிய இடம் என்றால் அப்படித்தானே.

கிணற்றுக்கு மேலே சரிவில், முட்செடியடியில் அடைகாத்திருந்த கவுதாரி ஒருநாள் தானாகவே கேட்டது. "என் பேரை வைக்கிறீங்களா, அம்மா?"

ஈரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உன் பேரா? கொஞ்ச தூரம் பறந்தாலே உனக்கு மூச்சு வாங்குது. உனக்கே ஒரு காவல் வேணும்."

கவுதாரி முட்டைகளை அணைத்துக்கொண்டது. ஏலாளுக்கு மனசு சங்கடப்பட்டது. ஆனாலும் கணவனை மீறிப் பேசவில்லை.

அந்தப் பக்கத்தில் கிணற்று வாயைப் பெரிய கல்லால் மூடிவைப்பார்கள். ஓர் ஆளால் அதைப் புரட்ட முடியாது. அன்று ஆடுகள் தாகத்தில் கத்தவே, குழந்தையை அந்த முட்செடி நிழலில் கிடத்திவிட்டு இருவருமாகக் கல்லைத் தள்ளப் போனார்கள். கல் பாதி நகர்ந்தபோது ஏலாள் நிமிர்ந்து பார்த்தாள். குழந்தையை நோக்கி ஓர் ஓநாய் வந்துகொண்டிருந்தது.

ஓடினாலும் எட்டாத தூரம். "சிங்கராசா, என் பிள்ளையைக் காப்பாத்து" என்று அலறினாள். மேலே பாறையில் கிடந்த சிங்கம் ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

"நான்தான் இன்னும் பேர் கொடுக்கலையே."

அப்போது கவுதாரி செடியை விட்டு வெளியே வந்தது. அந்நாளில் அதற்கு நீண்ட, அழகான வால். ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டியது. "ஐயோ, என் இறக்கை ஒடிஞ்சுபோச்சே" என்று ஓநாயின் மூக்குக்கு முன்னாலேயே புலம்பியது. தானாக வந்த இரையை எந்த ஓநாய்தான் விடும்? கவுதாரி நொண்டி நொண்டி, அகப்படுவதுபோல் அகப்படாமல், அதை மலைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஏலாள் ஓடிவந்து குழந்தையை வாரி எடுத்தாள். பக்கத்தில் முட்டைகள் அப்படியே கிடந்தன. தன் முக்காட்டை அவிழ்த்து அவற்றைப் போர்த்திவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். ஈரா கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு கவுதாரி வந்தது. வால் ஓநாயின் வாயோடு போயிருந்தது.

"முட்டைங்க?" என்றது மூச்சிரைக்க.

"சூடு ஆறலை, தாயி" என்றாள் ஏலாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஈரா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றான். "கவுதாரியம்மா, உன் பேரை எங்களுக்குக் கொடுப்பியா?"

"பிள்ளையை என் பக்கத்துல கிடத்திட்டுப் போனீங்களே, அப்பவே கொடுத்துட்டேன்."

எபிரேயர் பேச்சில் ஒக்லாள் என்றால் கவுதாரி. அன்று முதல்தான் கவுதாரிக்கு வால் கட்டையானது. அன்று முதல்தான், கர்ஜிக்கிற சிங்கம் மலைமேல் இருக்க, எபிரேயத் தாய்மார் தங்கள் பெண்ணுக்கு ஒக்லாள் என்று பெயரிட்டுப் பெருமையோடு கூப்பிடுகிறார்கள்.