ஒரே ஒரு பாத்தி

“அம்மா, ரெண்டுல ஒண்ணைத்தான் காப்பாத்த முடியும். எதுன்னு நீங்களே சொல்லிடுங்க.”

காலை உணவுத் தட்டையும் டீத் தம்ளரையும் குருவின் முன் வைத்துவிட்டு வேதரத்தினம் கேட்டார்.

இமயமலைச் சரிவில் இருந்தது அந்த ஆசிரமம். குரு அமிர்தவல்லி அம்மாவைவிடச் சீடர் வேதரத்தினம் வயதில் மூத்தவர். வேதாரண்யத்திலிருந்து வந்தவர். மரம் என்றால் உயிர்.

அந்தக் காட்டில் இரண்டு வகை ஊசியிலை மரங்கள் அழிந்துகொண்டிருந்தன. சுனைத் தண்ணீரோ ஒரு பாத்திக்குத்தான் காணும். கீழே நாற்றுப் பண்ணைக்கு நாளை வண்டி போகிறது. எந்தக் கன்று என்று அதற்குள் சொல்லியாக வேண்டும். மனிதர் சரியாகத் தூங்கியே பல நாள் ஆயிற்று.

“எந்த ரெண்டு?” என்றார் குரு.

“சில்கோசா, துனேர்.”

“என்ன வித்தியாசம்?”

இந்தக் கேள்விக்குத்தானே காத்திருந்தார்! நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சில்கோசா வெயில்ல, பாறை மேல நிக்கும். துனேர் நிழல்ல ஒதுங்கி நிக்கும். சில்கோசா கூம்பு கூம்பா காய்க்கும், உள்ளே பருப்பு. ஆனா காடு முழுக்கத் தேடினாலும் ஒரு கன்னு கிடையாது, அத்தனையும் கிழட்டு மரம். துனேர் வளர்றதே ஆமை வேகம். எந்தப் படுபாவிகளோ பட்டையை உரிச்சு உரிச்சு, நின்ன இடத்துலயே காயுது. அதுக்குப் பிள்ளை இல்லை, இதுக்குத் தோல் இல்லை. வயிறு எரியுதும்மா.”

கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே.

குரு தட்டிலிருந்து ஒரு பருப்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“இது என்ன?”

“சில்கோசாப் பருப்பு. உங்களுக்குப் பிடிக்குமேன்னு...”

“மண்ணுல போட்டா முளைக்குமா?”

“வறுத்ததும்மா. எப்படி முளைக்கும்?”

“வறுக்காதது?”

“பறிச்சதையெல்லாம் அப்பவே வறுத்தாச்சு. மரத்துல ஒரு கூம்புகூட...”

குரல் இறங்கிவிட்டது.

குரு தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். ஆவி பறந்தது.

“இந்த டீ இவ்வளவு சிவப்பா இருக்கே, எப்படி?”



துனேர்ப் பட்டையைக் கொதிக்கவைத்து உப்புப் போட்டுக் குடிப்பது மலைக்காரர்கள் வழக்கம். அதை ஆசிரமத்துக்குக் கொண்டுவந்ததே அவர்தான். விடியலில் தானே போய் உரித்து வருவார். குருவுக்கென்று எடுப்பதை அவர் உரிப்பதாகவே நினைக்கவில்லை. அன்றைக்கு உரித்த கத்தி இன்னும் இடுப்பில் இருந்தது.

“நீங்க கொண்டுவந்தீங்க. நானும் ருசிச்சுத்தான் சாப்பிட்டேன்” என்றார் குரு.

வேதரத்தினத்துக்கு அவமானமாக இருந்தது. கத்தியை எடுத்துத் தட்டின் பக்கத்தில் வைத்தார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“அப்ப பாத்தியில எதை வைக்கட்டும்மா?”

“கீரை போடுங்க” என்றார் குரு. “காலையில நாம ஏதாவது சாப்பிடணுமே.”