ஏரி முள்ளைத் தொட்ட அரசர்

இந்தக் கதையில் ஓரிடத்தில் வயிறு குலுங்கச் சிரிப்பீர்கள். சத்தியம். ஆனால் அந்த இடம் இப்போது இல்லை. முதலில் ஒரு பலகை வரவேண்டும், அப்புறம் ஒரு படகு வரவேண்டும். அதுவரை வாயை இறுக்கி மூடிக்கொண்டு வாருங்கள்.

பூவானூரை ஆண்ட திண்தோளர் ஆறு வருஷமாக அரண்மனை வாசலைத் தாண்டியதில்லை. எதற்குத் தாண்டவேண்டும்? சபையில்தான் நிலவரப் பலகை இருக்கிறதே! பெரிய தேக்குப் பலகை. அதில் வரிசையாகப் பித்தளை முட்கள். ஒவ்வொரு முள்ளிலிருந்தும் ஒரு கயிறு ஊருக்குள் ஓடும். ஏரி முள்ளின் கயிறு ஏரியில் மிதக்கும் கட்டையில் கட்டியிருந்தது. தண்ணீர் ஏறினால் முள் ஏறும், இறங்கினால் இறங்கும். "கண் ஏமாற்றும், பலகை ஏமாற்றாது. பலகை சொல்வதே உத்தரவு" என்று அரசரின் கொள்ளுத்தாத்தா சட்டமே போட்டுவிட்டுப் போயிருந்தார்.

பலகைக்குக் காவல் அல்லியங்கோதை. முள்ளின் மேல் ஈ உட்கார்ந்தாலும் விரட்டுவாள்.

அந்தக் கோடையில் ஏரி முள் அடிக்கோட்டில் போய்ப் படுத்துவிட்டது. ஏரிக்குப் பொறுப்பு அமைச்சர் நெடுமொழியார். தூர் வாரி ஏழு வருஷம் ஆகிறது. முள்ளைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வியர்த்தது. அரசரின் காதோரம் குனிந்தார்.

"பிரபோ! யானை தங்கள் சொல் கேட்கிறது, சேனை தங்கள் சொல் கேட்கிறது. இந்தத் துளியூண்டு முள் மட்டும் தங்கள் விரலுக்குக் கட்டுப்படாதாமே! நினைத்தாலே நெஞ்சு வெடிக்கிறது!"

அரசருக்குச் சுருக்கென்றது. ஆமாம், ஆறு வருஷமாக வெறுமனே பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்!

"அல்லி! இன்று முதல் முள்ளை நாம் கையாலேயே நகர்த்துவோம்."

"நகர்த்துங்க மகாராஜா. ஆனா கயித்து முள்ளைத் தொட வேண்டாம். பக்கத்திலேயே உங்களுக்குன்னு ஒரு சிவப்பு முள் வைக்கிறேன். ஏரி எவ்வளவு நிரம்பணும்னு நினைக்கிறீங்களோ அங்கே வையுங்க. கீழே உங்க பேரு, தேதி, காரணம் எல்லாம் எழுதிடலாம். இருக்கிறது ஒண்ணு, நீங்க நினைக்கிறது ஒண்ணு. ரெண்டும் தெரியும்."

"அரசனுக்குப் பக்கத்து முள்ளா!" நெடுமொழியார் மார்பில் அடித்துக்கொண்டார். "ஐயகோ!"

அரசர் எழுந்தார். கயிற்றை அறுத்தார். ஏரி முள்ளைப் பிடித்து உச்சிக்கோடு வரை தள்ளி, ஆணி அடித்தார். என்ன சுகம்! ஒரே தள்ளில் ஏரி நிரம்பிவிட்டது. மூன்று ஆள் ஆழம்!

"ஏரி நிரம்பிய பிறகு கிழக்குத் தெருவில் கிணறு எதற்கு? தோண்டுகிறவர்களை நிறுத்துங்கள். நாளைக் காலை படகு உலா!"

அல்லியின் முகம் மாறியது. "மகாராஜா, அந்தத் தெருவுப் பொம்பளைங்க ஒரு குடம் தண்ணிக்கு மூணு ஊர் தாண்டிப் போறாங்க. நாலு நாள் தோண்டினா ஊத்து வந்துடும்."

"பலகையைப் பார், அல்லி."

பார்த்தாள். கும்பிட்டாள். "உத்தரவு. நாளைக்கு எல்லாமே பலகை சொல்றபடி நடக்கும்."

மறுநாள் மூடுபல்லக்கில் வந்த அரசரை அப்படியே படகில் இறக்கினார்கள். திரையை விலக்கினார். சுற்றிலும் பாளம் பாளமாக வெடித்த மண். ஓர் ஆடு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. அரசர் கண்ணைக் கசக்கினார். மண்தான். ஆனால் கண் ஏமாற்றும் என்று கொள்ளுத்தாத்தா சொல்லியிருக்கிறாரே! வயசாகிவிட்டது, வைத்தியரிடம் காட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"காலை வெளியே நீட்டிடாதீங்க மகாராஜா," என்றாள் அல்லி. "மூணு ஆள் ஆழம்."

வெடுக்கென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார். நீச்சல் தெரியாது பாருங்கள்.

"அமைச்சர் துடுப்புப் போடட்டும்," என்றாள் அல்லி.

நெடுமொழியார் போட்டார். சரக், சரக். புழுதி கிளம்பியது. "ஆகா, என்ன சாரல்!" என்று இருமினார். வேறென்ன செய்வார்? ஏரி காய்ந்திருக்கிறது என்று அவர் வாயாலேயே சொல்ல முடியுமா?

அப்போது இடுப்பில் குடத்தோடு கிழக்குத் தெருப் பெண்கள் குறுக்கே வந்தார்கள்.

"யாருடி அது, மண்ணுல படகு ஓட்டுறது?"

"பெரிய எடத்து ஆளுங்க போலிருக்கு. சாமி, கொஞ்சம் தள்ளி ஓட்டுங்க! நடக்குற வழி!"

அரசர் வாயைப் பிளந்தார். "நெடுமொழியாரே! நம் நாட்டுப் பெண்கள் தண்ணீர்மேல் நடக்கிறார்கள்!"

"எல்லாம் தங்கள் ஆட்சியின் மகிமை, பிரபோ!"

இப்போது சிரித்துக்கொள்ளலாம்.

ஆனால் வெயில் சிரிக்கவில்லை. உச்சிக்கு வந்தது. அரசரின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

"அல்லி, தண்ணீர்."

"கொண்டு வரலையே மகாராஜா. நிரம்பின ஏரிக்கு யாராவது தண்ணி சுமந்துட்டு வருவாங்களா? இதோ மொண்டுக்குங்க." வெள்ளிச் செம்பை நீட்டினாள்.

அரசர் பயந்து பயந்து குனிந்து, செம்பை ஆழ முக்கினார். நிமிர்ந்து, கண்ணை மூடி, அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டார்.

நறநற.

கண் திறந்தது. செம்பைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். தூரத்தில் போகும் காலிக் குடங்களைப் பார்த்தார். நேற்று ஆணி அடித்த தன் கையை வெகுநேரம் பார்த்தார். மண்ணைத் துப்பினார். பிறகு ஒரு காலை மெல்ல வெளியே வைத்தார். நனையவில்லை. மற்றொரு காலையும் வைத்தார்.

நெடுமொழியார் பதறித் துடுப்பைக் கீழே போட்டார்.

"எடும் ஐயா அதை!" என்றார் அரசர். "கிழக்குத் தெருக் கிணற்றுக்கு நடையைக் கட்டும். துடுப்பை அங்கேயும் நிறுத்தக்கூடாது. நேர் கீழ்நோக்கிப் போடும், தண்ணீர் வருகிற வரை."